பிளக்குக்காரரின் ரத்தத்தில் ஈயம்

நான்கு சாலைகள் கூடுகிற சந்திப்பில், சிக்னல் கம்பத்துக்கு நேர் பின்னால் இருந்த பட்டறையின் சொந்தக்காரரை எல்லோரும் பிளக்குக்காரர் என்றே அழைத்தார்கள். அவர் கார்புரேட்டர் கழற்றுவார், வால்வு இடைவெளியைச் சரிசெய்து டாப்பெட் வைப்பார், சைலன்சரில் விழுந்த ஓட்டையை அடைப்பார். ஆனாலும் அடுப்பு எரிந்தது ஸ்பார்க் பிளக்கால்தான். எந்தக் கார் ஆனாலும் சில மாதம் ஓடினால் பிளக்கு முனையில் சாம்பல் நிறத்தில் பொருக்குக் கட்டிவிடும். வண்டி இருமும். சொந்தக்காரர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, "என்னான்னே தெரியலங்க, இழுக்கவே மாட்டேங்குது" என்பார். பிளக்குக்காரர் நான்கையும் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வாய்க்கு அருகில் கொண்டுபோய் 'ஃபூ' என்று ஊதுவார். சாம்பல் பறந்து அவர் மீசையில் பாதியும் ரோட்டில் பாதியுமாக இறங்கும். முப்பத்தைந்து வருடமாக, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை. அவர் மனைவி அடுப்பு ஊதியதைவிட அவர் பிளக்கு ஊதியது அதிகம்.

அந்தச் சாம்பல் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம். எஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காக அதைக் கலந்தார்கள். இது அவருக்கு நன்றாகவே தெரியும். ஈயம் எஞ்சினுக்கு என்ன செய்யும் என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். மனிதனுக்கு என்ன செய்யும் என்று அவரை யாரும் கேட்டதில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை.

சுத்தத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்ற மெக்கானிக்குகள் வேலை முடிந்ததும் கையைக் கந்தலில் துடைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். இவர் அப்படியில்லை. ஒரு தட்டையான தகரத் தட்டில் பெட்ரோலை ஊற்றி, விரல் விரலாக, நகக்கண் நகக்கண்ணாகக் கழுவுவார். கிரீஸ் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். கை வெளுத்துச் சுருங்கி, பிறந்த குழந்தையின் கை மாதிரி ஆகிவிடும். அந்தக் கையோடு மாடிப்படி ஏறிப்போய்ச் சாப்பிட உட்காருவார்.

மாடியில் வீடு. கீழே பட்டறை. படி பட்டறைக்குள்ளிருந்தே ஏறியது. மழையில் நனையாமல் வீட்டுக்குப் போகலாம் என்று வீடு வாங்கிய நாளில் அதைப் பெரிய வசதியாகப் பேசிக்கொண்டார்கள்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயதாகியிருந்தது. வயிறு அடிக்கடி முறுக்கிப் பிடித்தது. மூன்று விதமான டானிக் அலமாரியில் இருந்தது. மூன்றும் பலன் தராததால் மூன்றையும் சேர்த்துக் குடித்தார். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடினார். மணிக்கட்டில் பிடி தளர்ந்திருந்தது. ஆறு மணி நேரம் தூங்கினாலும் பத்து மணி நேரம் தூங்கினாலும் ஒரே களைப்போடு எழுந்ததால், ஆறு மணி நேரமே தூங்கினார். மிச்ச நேரத்திலாவது வேலை நடக்கட்டும் என்று. கோபம் மட்டும் களைக்கவே இல்லை. வாடிக்கையாளர்மேல், சிக்னல்மேல், குழம்பில் உப்புமேல் எல்லாம் வரும். அது அவருடைய சுபாவம் என்று வீட்டிலும் தெருவிலும் எப்போதோ முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த வருடம் அரசாங்கம் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தப்போவதாக அறிவித்தது. நான்கு மாதம் கெடு. மெக்கானிக்குகள் சங்கம் கொதித்துப்போனது. ஈயம் இல்லாவிட்டால் பழைய வண்டிகளின் வால்வெல்லாம் கருகிப்போகும், ஏழைபாழை என்ன செய்வார்கள் என்று மனு எழுதினார்கள். ஏழைகளிடம் கார் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மனுவில் மூன்றாவது கையெழுத்து பிளக்குக்காரருடையது. அதோடு விடவில்லை. அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு முன்னால் சங்கத்தின் சார்பில் போய் நின்று, விளிம்பு தின்றுபோன கருகிய வால்வு ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"இதாங்க நடக்கும்."

அதிகாரிகள் வால்வைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அது உண்மையில் ஈயம் கலந்த பெட்ரோலிலேயே ஓடி, ஐந்து வருடம் டாப்பெட் பார்க்காமல் விட்ட ஒரு கஞ்சனின் வண்டியில் கருகிய வால்வு. பிளக்குக்காரருக்கு அது தெரியும். ஆனால் பார்க்க நன்றாக இருந்தது.

இது நடந்து மூன்று வாரத்தில் அவருடைய மகளுக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது. மகளும் மருமகனும் மாடியில் பின்பக்க அறையில் இருந்தார்கள். மருமகன் டெலிவரி வேன் ஓட்டினான். வாடகைக்கு வீடு பார்க்கிற அளவுக்கு வேன் ஓடவில்லை. மகள் மூன்று மாதக் கர்ப்பம். சுகாதார நிலையத்தில் சந்திப்பைச் சுற்றிக் குடியிருக்கும் கர்ப்பிணிகளுக்கு ஈயத்துக்காகவும் ரத்தம் பார்த்தார்கள். பத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்றார்கள். அவளுக்குப் பதினான்கு இருந்தது.

நர்ஸ் நாற்பது வயதுக்காரி. சிரிக்காமல் வேடிக்கை பேசுகிறவள், பேசாமல் வேலை செய்கிறவள், எந்த நேரத்தில் எது என்று தெரியாது. "வீட்ல யாரும்மா பெட்ரோல்ல வேலை செய்யறது?" என்று கேட்டாள்.

"அப்பா."

"அவர வரச் சொல்லும்மா. விரல்ல ஒரு சொட்டுதான். நல்லா கை கழுவிட்டு வரச் சொல்லு. கைல அழுக்கு இருந்தா கணக்கு தப்பாயிடும்."

மகள் வந்து அப்படியே சொன்னாள். பிளக்குக்காரர் முதலில் வரமாட்டேன் என்றார். கத்தினார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். கிளம்புவதற்கு முன்னால் நன்றாகக் கை கழுவினார். தட்டில் இருந்த பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, ஆஸ்பத்திரி விஷயம் என்பதால் புதிய பெட்ரோல் ஊற்றி, இரண்டு தடவை. பழைய பல் பிரஷ்ஷால் நகத்தைத் தேய்த்தார். மனைவியிடம் கையை நீட்டிக் காட்டினார். "போதுமா?"

"கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்ளோ சுத்தமா வரல" என்றாள் அவள்.

நர்ஸ் விரலில் பஞ்சால் ஒரு தடவு தடவி, குத்தி, சொட்டை வாங்கி, கைக்கு அடக்கமான ஒரு கருவியில் வைத்தாள். மூன்று நிமிடத்தில் கருவி எண்ணைக் காட்ட வேண்டும். காட்டவில்லை. தன்னால் அளக்க முடியாத அளவு இருக்கிறது என்று மட்டும் காட்டியது. அவள் இன்னொரு விரலில் குத்தினாள். அதுவும் அதையே சொன்னது.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குத் தலை சுத்துதா ஐயா?"

"இல்லியே."

"கை கால் இழுக்குதா?"

"இல்லீங்க சிஸ்டர். ஒரு வண்டி நிக்குது, முடிஞ்சுதுன்னா போயிடுவேன்."

"கருவி சொல்றதப் பாத்தா நீங்க நடந்தே வந்திருக்க முடியாது" என்றாள் நர்ஸ். இது எந்த வகைப் பேச்சு என்று அவருக்குப் புரியவில்லை.

டாக்டர் வந்தார். கைநரம்பில் ரத்தம் எடுக்க அடுத்த வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். அதற்குள் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்றார். இந்த ஆள் இருக்கிற வீட்டில் ஒரு கர்ப்பிணி இருக்கக் கூடாது. ஈயம் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும், பிள்ளையிடம் முதலில் மூளைக்குத்தான் போகும் என்றார். சொல்லிவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

அன்று மாலையே மகள் போய்விட்டாள். நகரத்தின் மறுகோடியில் மருமகனின் அக்கா வீடு. அங்கே இடம் இருந்தது, மனசு குறைவாக இருந்தது. "அண்ணி நல்லவங்கதான்ப்பா" என்றாள் மகள், துணியை மடித்துக்கொண்டே. "நான் நல்லவளா இல்லியான்னுதான் அவங்களுக்கு இன்னும் சந்தேகம்."

"ஒரு வாரந்தான?" என்றார் அவர்.

"மாமா, டாக்டர் ஒரு வாரம்னு சொல்லல" என்றான் மருமகன். வழக்கமாக அவன் மாமனாரிடம் அதிகம் பேசமாட்டான். பேசினால் கோபம் வரும். இந்தத் தடவை வரவில்லை. பிளக்குக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். கடைசிப் படியில் கால் வைத்தபோது நின்றுவிட்டார். மகள் சின்ன வயதில் வீட்டுப்பாடம் எழுதியது அந்தப் படியில்தான். அப்பா கூடவே இருக்கலாம் என்று தினமும் வந்து உட்காருவாள். கணக்கு மட்டும் வரவே வராது. மூன்று தடவை சொல்லிக் கொடுத்தும் நான்காவது தடவை அதே தப்பு. "மண்டைல என்ன, களிமண்ணா?" என்று பிளக்கை ஊதிக்கொண்டே கத்துவார். எட்டாவதோடு படிப்பு நின்றது.

அடுத்த வாரம் மறுபடி சுகாதார நிலையம். நர்ஸ் அவர் முன்னால் சோப்பை வைத்து, குழாயைக் காட்டினாள். "கழுவிட்டு வாங்க ஐயா."

"இது எதுக்கு சிஸ்டர்? நான் வீட்லயே கழுவிட்டுத்தான் வந்தேன். இதெல்லாம் சோப்புல போவாது."

"பின்ன எதுல போவும்?"

"பெட்ரோல்லதான். போன தடவகூட ரெண்டு தடவ கழுவினேன். நீங்க நல்லா கழுவச் சொன்னீங்கள்ல."

நர்ஸ் ஊசியைக் கீழே வைத்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

"நான் ரத்தத்த அளக்கல" என்றாள். "உங்க பெட்ரோல அளந்திருக்கேன்."

பக்கத்து நாற்காலியில் காத்திருந்த ஒரு பெண் சிரித்தாள். பிளக்குக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. அப்படியானால் எல்லாம் தப்பு. மகள் நாளைக்கே வந்துவிடலாம். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். நரம்பில் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து எண் வந்தது. முப்பத்தெட்டு.

"பத்துதான இருக்கணும்?" என்றார் அவர்.

"ஆமா."

"அப்ப தப்பான கருவியும் சரியாத்தான் சொல்லியிருக்கு."

"கொஞ்சம் கூட்டிச் சொல்லிடுச்சு" என்றாள் நர்ஸ். "ஐயா, உங்க பொண்ணு நம்பர் தப்பு இல்ல. அவ கைய நான்தான் கழுவிவிட்டேன்."

அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். பிளக்கை வாயால் ஊதக் கூடாது. பெட்ரோலில் கை கழுவக் கூடாது. பட்டறைத் துணியோடு மாடி ஏறக் கூடாது. தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். படித்துப் பார்த்தால் அவர் முப்பத்தைந்து வருடமாகச் செய்துவந்த எல்லாவற்றையும் யாரோ ஒளிந்திருந்து பார்த்து எழுதியது போல இருந்தது.

"இதெல்லாம் செஞ்சா பொண்ணு வந்துடலாமா?"

"பாதி கொறையும். மீதி உங்க வாசல்ல நிக்குதே. செகப்பு விளக்கு விழுந்தா எத்தன வண்டி நிக்கும்?"

"அம்பது அறுபது."

"அந்தப் பெட்ரோல் மாறணும். மூணு மாசத்துல மாத்தறதாச் சொல்லியிருக்காங்கள்ல, கொழந்த பொறக்கறதுக்கு முன்னாடியே மாறிடும். அப்புறம் பாத்துக்கலாம்."

தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். அதன் பிறகு பிளக்கை பிரஷ்ஷால் தேய்த்து ஈரத் துணியால் துடைத்தார். வாய் தானாகக் குவிந்தது. ஒவ்வொரு தடவையும் அதை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்கள், "என்ன அண்ணே, விசிலடிக்கப் போறீங்களா?" என்றார்கள். கையைச் சோப்பில் கழுவியதால் நகக்கண்ணில் கருப்பு நின்றுவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அழுக்குக் கையோடு சாப்பிட்டார், அதுவும் ஆரோக்கியத்துக்காக.

மூன்று மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டாவது மாதம் சங்கத் தலைவர் நான்கு பேரோடு பட்டறைக்கு வந்தார். கையில் இனிப்புப் பொட்டலம்.

"அண்ணே, ஜெயிச்சுட்டோம். ஆறு மாசம் தள்ளிப் போட்டுட்டாங்க."

"எத?"

"பெட்ரோல் மாத்தறத. உத்தரவு வந்தாச்சு. குழு அறிக்கையில உங்க வால்வப் பத்தி ஒரு பத்தியே இருக்குண்ணே. படமே போட்டிருக்காங்க."

பிளக்குக்காரர் நீட்டிய இனிப்பை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் அவருக்குப் பேச்சே வரவில்லை என்று சந்தோஷப்பட்டார்கள். மகளுக்கு இன்னும் நான்கு மாதத்தில் பிரசவம். அவர்கள் போன பிறகு மாடிக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அந்த வால்வு எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதையும் சொன்னார். அவளுக்கு வால்வு என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் விஷயம் புரிந்தது.

"பொய்யா?"

"பொய் இல்ல. வேற வண்டி."

"அத அந்த அதிகாரிங்ககிட்ட சொல்லிடுங்களேன்."

போனார். இரண்டு தடவை போனார். முதல் தடவை குழு கலைந்துவிட்டது என்றார்கள். இரண்டாவது தடவை ஒரு குமாஸ்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, உத்தரவை எதிர்த்து மனு கொடுப்பதானால் சங்கத்தின் மூலம் வர வேண்டும் என்றார்.

குழந்தை மருமகனின் அக்கா வீட்டில் வளர்ந்தது. பெண் குழந்தை. பிளக்குக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் போனார். குளித்து, தலைக்கும் சோப்புப் போட்டு, பட்டறைப் பக்கமே வராத ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போவார். அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதைவிட்டு அவர் நகரமாட்டார். குழந்தையைத் தூக்கச் சொன்னால், "இருக்கட்டும்மா, தூங்கட்டும்" என்பார். குழந்தை விழித்துக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அவர் எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "நர்ஸக்கா போன் பண்ணினாங்க" என்றாள். "சின்ன வயசுல ஈயம் ஏறினா படிப்பு ஏறாதாம். எனக்குக் கணக்கு வராததுக்குக் காரணம் இப்பத்தான்ப்பா கண்டுபிடிச்சிருக்காங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கேட்கக் கூடாது என்று நினைத்ததை அந்த வாரமே நர்ஸிடம் போய்க் கேட்டார்: என் பொண்ணுக்குக் கணக்கு வராமப் போனது என்னாலயா?

"ஆயிரம் கொழந்தைங்களச் சேத்து வச்சுப் பாத்தா சொல்லலாம். ஒரு கொழந்தையத் தனியா வச்சு சொல்ல முடியாதுங்க ஐயா."

"என்கிட்ட ஒண்ணுதான இருக்கு."

நர்ஸ் அவருடைய சீட்டை எடுத்துப் பார்த்தாள். அன்றைக்கு அவருடைய எண் முப்பத்தொன்று. குறைந்துகொண்டு வந்தது, ஆனால் நத்தை வேகத்தில். எலும்புக்குள் இத்தனை வருடமாகச் சேர்ந்து கிடக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும் என்றாள்.

"நான் சேத்து வச்சது அது ஒண்ணுதான் சிஸ்டர்" என்றார் பிளக்குக்காரர்.

கடைசியில் பெட்ரோல் ஒரு திங்கட்கிழமை மாறியது. எதிரே இருந்த பங்க்கில் ஒரு பலகையைக் கழற்றி இன்னொரு பலகையை மாட்டினார்கள். அவ்வளவுதான். வாசனைகூட அவருக்கு அதிகம் வித்தியாசம் தெரியவில்லை. சங்கத்தில் எல்லோரும் வால்வு கருகுவதற்காகக் காத்திருந்தார்கள். கருகவில்லை. சுமை ஏற்றி நாளெல்லாம் முடுக்கி ஓட்டிய இரண்டு பழைய லாரிகளுக்கு மட்டும் வால்வு உட்காரும் இடம் தேய்ந்தது; அவற்றுக்கு அதற்கு முன்பே எல்லாம் தேய்ந்திருந்தது. வால்வைக் காப்பாற்றும் திரவம் என்று ஒரு விற்பனையாளர் ஒரு பெட்டி புட்டிகளைக் கொண்டுவந்து வைத்தான். கேட்டு வந்தவர்களிடம் பிளக்குக்காரர், "உங்க வண்டிக்குத் தேவையில்லீங்க" என்றார். மூன்று மாதம் கழித்துப் பெட்டியை முழுசாகத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான் விற்பனையாளன், இப்படி ஒரு கடையைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டே.

கருகியது வேறு. பிளக்குகள் சுத்தமாக வர ஆரம்பித்தன. கழற்றிப் பார்த்தால் முனை பிஸ்கட் நிறத்தில், தேய்க்க எதுவும் இல்லாமல் இருந்தது. முன்பு ஒரு வருடத்தில் மூன்று தடவை வந்த வண்டி இப்போது வருடத்துக்கு ஒரு தடவை வந்தது. சைலன்சர்கள் அரித்துப்போவது குறைந்தது. ஆயில் நீண்ட நாள் தாங்கியது. ஊருக்கெல்லாம் மிச்சம், எல்லோருடைய மிச்சமும் சேர்ந்து பிளக்குக்காரரின் நஷ்டமாக வந்து உட்கார்ந்தது. அந்தச் சாம்பல் அவரைக் கொல்லப் பார்த்தது, ஆனால் அதுவரை அதுதான் சோறு போட்டது. மத்தியானங்களில் ஸ்டூலில் உட்கார்ந்து சிவப்பு விளக்கில் நிற்கும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் இருமவில்லை.

வயிற்று முறுக்கல் நின்றது. கோபமும் குறைந்தது. இதை முதலில் கவனித்தவள் மனைவி. அவளுக்கு அது பிடிக்கவில்லை. குழம்பில் உப்புப் போட மறந்த ஒரு நாள், சண்டைக்குத் தயாராக இடுப்பில் கை வைத்து நின்றாள். அவர் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கை கழுவப் போனார்.

"முப்பது வருஷமா நான் சண்ட போட்டது உங்ககூடயா, இல்ல பெட்ரோல்கூடயா?" என்றாள்.

"ரெண்டு பேருகூடயும்" என்றார். "ஒருத்தன் போயிட்டான்."

மகள் வருவதற்கு இனி என்ன தடை என்று நர்ஸிடம் கேட்டார். அவள் ஒரு நாள் நேரில் வந்தாள். பட்டறையைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், மாடியில் அலமாரிக்குப் பின்னால், ஜன்னல் விளிம்பில், கதவிடுக்கில் எல்லாம் ஈரத் துணித் துண்டுகளால் ஒற்றி எடுத்து உறையில் போட்டுக்கொண்டாள். ரோட்டில் ஈயம் நின்றுவிட்டது, வீட்டுக்குள் நிற்கவில்லை என்றாள் பத்து நாள் கழித்து. தூசி எங்கும் போகாது, யாராவது எடுத்துப் போட வேண்டும். அப்புறம், பட்டறைக்குள்ளிருந்து படி ஏறுகிற வரைக்கும் எத்தனை துடைத்தாலும் மறுபடி ஏறும்.

அவர் படி வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார். தானே அடைத்தார், மணிக்கட்டு சரியில்லாததால் ஒரு நாள் வேலை நான்கு நாள் ஆனது. வெளியே சாலைப் பக்கமாக ஓர் இரும்புப் படி வைத்தார். படிக்குக் கீழே ஒரு குழாய். இனி வீட்டுக்குப் போவதென்றால் பட்டறையைப் பூட்டி, தெருவுக்கு வந்து, வேலைத் துணியைக் கழற்றி, துண்டோடு நின்று குளித்து, அப்புறம்தான் மேலே. சிவப்பு விளக்கில் நிற்பவர்களுக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்தது. "முதுகுப் பக்கம் சோப்பு போகல மாமோவ்" என்று பஸ்ஸிலிருந்து ஒரு குரல் வரும். அவர் திரும்பாமல் முதுகுப் பக்கம் தேய்ப்பார்.

மாடியை இருவரும் துடைத்தார்கள். அலமாரியை நகர்த்தி, பலகை இடுக்கைச் சுரண்டி, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்து, வாளித் தண்ணீரை மாற்றி மாற்றி. ஒரு நாளில் அல்ல. வேலை முடிந்து, களைத்து, கோபப்படக்கூடத் தெம்பில்லாமல், வாரக் கணக்கில். நர்ஸ் மறுபடி ஒற்றி எடுத்தாள். தேறவில்லை. மறுபடி துடைத்தார்கள். மூன்றாவது தடவை தேறியது. தாளைக் கொடுத்துவிட்டு நர்ஸ், "பள்ளிக்கூடத்துல பாஸ் பண்ணினீங்களா ஐயா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்ப இதக் கண்ணாடி போட்டு மாட்டுங்க."

அன்றே மகளுக்குப் போன் செய்தார். குழந்தைக்கு ஒரு வயது ஐந்து மாதம் ஆகிவிட்டது, இங்கே அது எல்லோருக்கும் பழகிவிட்டது, அண்ணி அதை இறக்கியே விடுவதில்லை என்றாள். தன் வீட்டுக்காரருக்கும் வேன் ஸ்டாண்ட் இங்கே பக்கத்தில் என்றாள். பார்க்கலாம்ப்பா என்றாள். அவர், "சரிம்மா, பாரு" என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை வந்தார்கள். ஒரே ஒரு பை, ஒரு ராத்திரிக்கானது. இரும்புப் படியை மகள் தடவிப் பார்த்தாள். "அடைச்சிட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டார்கள். அது நேராகச் சுவர் ஓரத்துக்குப் போனது. தரையில் கையை அறைந்தது. பிறகு அந்தக் கையை, ஐந்து விரலையும், வாயில் போட்டுக்கொண்டது. பிளக்குக்காரர் எழுந்துவிட்டார். எழுந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார். இரண்டாவது தடவையும் அது தரையைத் தொட்டு விரலைச் சப்பியது. அவர் முகத்தை மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்கப்பா" என்றாள். "தரை சுத்தமாத்தான் இருக்கு."

அவர் உட்கார்ந்தார். நாற்காலியில் இல்லை, தரையில். குழந்தை அவரிடம் வந்து அவர் கையைப் பிடித்து, நகத்தில் நின்ற கருப்பை ஒரு விரலால் குத்திப் பார்த்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார். அது திரும்பவும் பிடித்தது. அவருக்குக் கடைசியாக வந்த எண் பதினாறு. இன்னும் தேறாதவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

"கைய அதுகிட்ட குடுக்கலாமா?" என்று மகளைக் கேட்டார்.

"சோப்புப் போட்டுத்தான கழுவினீங்க?"

"மூணு தடவ."

"அப்பக் குடுங்க."

மறுநாள் காலையில் மருமகன் வேனை எடுக்கப் போனான். பை மூடாமல் கட்டில்மேல் கிடந்தது. மகள் பின்பக்க அறையில் அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பழைய போர்வைகளும் மூன்று டானிக் புட்டிகளும் இருந்தன.

"அம்மா, இதக் கொஞ்சம் காலி பண்ணிக் குடும்மா" என்றாள். "புதன்கிழமை துணியெல்லாம் கொண்டு வந்துடறேன். அண்ணிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனார். அலமாரியின் உள்பக்கத்தை இன்னொரு தடவை துடைத்துவிடலாம் என்று நினைத்தார்.